தோட்டத்து ஓட்டும் நீதிபதி நாற்காலியும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கதை – 31

மாதச் சம்பளம் கேட்டு 1990-இல் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைச் சென்ற இதழில் தொழிலியல் நீதிமன்றத்தின் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினோம். பிரட்டுக்களத்தில் தொடங்கிய சண்டை, கறுப்பு அங்கி போட்டவர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை அங்கே உட்கார வைப்பது யார்? அவரைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஓட்டில் வென்றவர்கள் என்ன பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள்? இந்த வாரம் அதைப் பார்ப்போம். சம்பளம், லயம், தோட்டத்துப் பள்ளி என்று பேசிவரும் தொடரில் இது என்ன புதுத் திசை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மூன்றுமே எத்தனையோ முறை நீதிமன்றப் படியேறியவைதாம்.

தோட்டத்து மக்களுக்குத் தண்டலைத் தெரியும், கிராணியைத் தெரியும், துரையைத் தெரியும். தேர்தல் வந்தால் வேட்பாளரையும் தெரியும். நீதிபதியைத் தெரியாது. ஆனால் தொழிலியல் நீதிமன்றம் சொல்லும் தீர்ப்பை உயர் நீதிமன்றம் மறு ஆய்வு செய்யலாம். அங்கிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், சில வழக்குகளில் கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போகலாம். பால்வெட்டுக்காரரின் ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதும், தோட்டம் விற்கப்பட்டால் அவருக்குக் கிடைக்கும் இழப்பீடு எவ்வளவு என்பதும், அவர் முகம் பார்த்திராத இரண்டு மூன்று பேரின் கையில் முடிவாகிறது.

2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்த பராட் எஸ்டேட் வழக்கைத் தொழிற்சங்கக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். தோட்டம் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குக் கைமாறியது. அதோடு தொழிலாளியும் கைமாறிவிட்டார் என்று கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றார் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். யாரிடம் வேலை செய்வது என்பது தொழிலாளியின் விருப்பம். அவரைக் கேட்காமல் நிலத்தோடு சேர்த்து விற்றுவிட முடியாது. வேலை முடிவுக்கு வந்தால் அதற்குரிய பணப்பலன்களைக் கொடுத்தாக வேண்டும். 1990-களில் நீலாய், லாபு பக்கம் ரப்பர்க் காடுகள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அப்படியொரு தீர்ப்பு எவ்வளவு பேருக்குத் தேவைப்பட்டது என்பது அந்த வட்டாரத்தில் லயத்தைக் காலி செய்துவிட்டு வந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

ரந்தாவ் இன்னும் பக்கத்துக் கதை. 2018 பொதுத்தேர்தலில் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் கெஅடிலான் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம் வேட்புமனுத் தாக்கல் மையத்துக்குள்ளேயே போக முடியாமல் தடுக்கப்பட்டார். அன்றைய மந்திரி பெசார் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது. தோட்டங்கள் சூழ்ந்த அந்தத் தொகுதியில் ஒருவருக்குக்கூடச் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பு இல்லாமல் போனது. 2018 நவம்பர் 16 அன்று சிரம்பானில் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏப்ரல் 13 அன்று இடைத்தேர்தல் நடந்தது. வென்றவர் மறுபடியும் முகமட் ஹசான்தான். அதனால் தீர்ப்பின் மதிப்பு குறையவில்லை. பறிபோன ஓட்டை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது நீதிமன்றம். அதை யாருக்குப் போடுவது என்பது அவர்கள் பாடு.

இவ்வளவு கனமான நாற்காலியில் யார் உட்காருவது என்பதைப் பற்றி மலேசிய நாடாளுமன்றம் ஒருநாளும் வாக்கெடுத்ததில்லை. அமெரிக்காவில் அதிபர் ஒரு பெயரைச் சொன்னால் செனட் சபை அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். பிறகு ஒவ்வொரு உறுப்பினரும் பெயர் பதிவாகும்படி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். அங்கேயும் அரசியல்வாதிகள் மழுப்புவார்கள். 'தகுதி', 'மனப்பாங்கு' போன்ற சொற்களின் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். ஆனாலும் கடைசியில் ஓட்டு பதிவாகிவிடும். 1987 அக்டோபர் 23 அன்று ராபர்ட் போர்க் என்பவரின் பெயரை 58-க்கு 42 என்ற கணக்கில் அந்தச் சபை நிராகரித்தது. நான்கே நாள் கழித்து, அக்டோபர் 27 அன்று, மலேசியாவில் ஒப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை தொடங்கியது.

நமக்கு அந்த முறை வாய்க்காததற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1957 அரசியலமைப்பின்படி, தலைமை நீதிபதி நீங்கலான மற்ற நீதிபதிகளை நீதி மற்றும் சட்டச் சேவை ஆணையம் பரிந்துரைக்க, ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்து மாமன்னர் நியமிப்பார். அரசியல்வாதியின் கை எட்டாத தூரத்தில் அந்த நாற்காலி இருந்தது. மூன்றே ஆண்டு. 1960-இல் செய்த திருத்தத்தில் ஆணையத்தின் அந்தப் பொறுப்பு எடுக்கப்பட்டது. பிரதமரின் ஆலோசனை அந்த இடத்துக்கு வந்தது. அவசரகாலம் முடிந்த ஆண்டு; தோட்டங்களில் துண்டாடலின் பயம்; துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய ஆண்டும் அதுதான். காலடி நிலமே போய்விடுமோ என்று கலங்கிய மக்களுக்கு, நீதிபதியை யார் பரிந்துரைப்பது என்ற திருத்தம் காதில் விழுந்திருக்க வழியில்லை. அன்று சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பலருக்கு ஓட்டே இல்லை.

இன்று அமலில் இருக்கும் 122பி பிரிவின்படி, பிரதமரின் ஆலோசனையின் பேரில், ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்த பிறகு, மாமன்னர் நியமிக்கிறார். நெகிரி செம்பிலானின் யாங் டி பெர்துவான் பெசாரும் அந்த மன்றத்தில் இடம்பெறுகிறார். நாடாளுமன்றத்துக்கு அதில் வேலை இல்லை.

பேசவாவது முடியுமா? 127-ஆம் பிரிவு அதற்கும் வேலி போட்டிருக்கிறது. ஒரு நீதிபதியின் நடத்தையைப் பற்றி மக்களவையிலோ மேலவையிலோ விவாதிக்க வேண்டுமானால், மொத்த உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் முன்னறிவிப்புக் கொடுத்துத் தனித் தீர்மானம் கொண்டுவர வேண்டும். 222 பேர் உள்ள மக்களவையில் அதற்கு 56 பேர் தேவை. மாநிலச் சட்டமன்றத்தில் அந்த விவாதமே கூடாது. நீதிபதியை அரசியல் மேடையின் வசவிலிருந்து காப்பாற்ற எழுதப்பட்ட பிரிவு இது. அந்த நோக்கம் நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தடுப்பது ஒரு நீதிபதியின் நடத்தையைப் பற்றிய விவாதத்தை மட்டும்தான். நியமன முறையைப் பற்றிப் பேச அது தடை அல்ல. இந்த வேறுபாட்டை நன்றாகத் தெரிந்த வழக்கறிஞர்களே நாடாளுமன்ற உறுப்பினர்களாக வந்த பிறகு, 'அது நீதிமன்ற விவகாரம், நாம் தலையிடக்கூடாது' என்று ஒதுங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். பேசத் தடை இல்லாத இடத்தில் தடை இருப்பதுபோல் நின்றவர்கள் பலர்.

அப்படி நிற்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1988-ஐப் பார்த்தவர்களுக்குப் பயம் வந்ததில் நியாயம் உண்டு.

1986 தேர்தலில் 177 இடங்களில் 148-ஐத் தேசிய முன்னணி பிடித்திருந்தது. எதிர்க்கட்சி வரிசையில் உரக்கப் பேசக்கூடிய லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங், தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட், பி. பட்டு ஆகியோர் ஒப்பராசி லாலாங்கில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார்கள். மொத்தம் 106 பேர். 1988 மார்ச் 9 அன்று ஈப்போ உயர் நீதிமன்றம் கர்ப்பால் சிங்கை விடுதலை செய்தது. சில மணி நேரத்திலேயே அவரை மறுபடியும் பிடித்தார்கள். அதே மார்ச் மாதத்தில்தான் அரசியலமைப்பின் 121-ஆம் பிரிவைத் திருத்தும் மசோதா மக்களவைக்கு வந்தது. நாட்டின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கிறது என்று சொன்ன வரி எடுக்கப்பட்டது. நீதிமன்றங்களுக்கு நாடாளுமன்றச் சட்டம் கொடுக்கும் அதிகாரமே உண்டு என்ற பொருளில் புதிய வரி வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவோடு அது நிறைவேறியது.

அந்த மார்ச் 26 அன்று, லார்ட் பிரசிடெண்ட் என்ற பெயரில் அன்று தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ், நீதிபதிகள் சார்பில் மாமன்னருக்குக் கடிதம் எழுதினார். பிரதமர் மகாதீர் நீதித்துறையைப் பற்றிப் பேசிவரும் விதத்தால் நீதிபதிகளுக்கு ஏற்பட்ட மனவருத்தம் அதில் இருந்தது. ஆண்டின் தொடக்கத்திலேயே அம்னோ சட்டவிரோத அமைப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதன் மேல்முறையீடும் காத்திருந்தது. சாலே அபாஸ் இடைநீக்கம் செய்யப்பட்டார். விசாரணைக் குழு அமைந்தது. ஜூலை தொடக்கத்தில் அக்குழுவுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரும் இடைநீக்கம் ஆனார்கள். ஆகஸ்டில் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஐவரில் வான் சுலைமான், ஜார்ஜ் சியா இருவரும் அவரைத் தொடர்ந்து பதவி இழந்தார்கள்.

தோட்டங்களின் பக்கம் திரும்புவோம். போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவா பெத்தோங், ஆத்தர்ட்டன், சுங்காலா, செங்காங் தோட்டங்களுக்கு அன்று தெலுக் கெமாங் நாடாளுமன்றத் தொகுதி. 1974 முதல் ம.இ.கா.வின் க. பத்மநாபன் அங்கே வென்றுவந்தார். துணை அமைச்சராகவும் இருந்தார். படித்தவர், கட்சிக்குள் சொந்தக் கருத்து உள்ளவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் தேசிய முன்னணியில் இருப்பவருக்குக் கட்சிக் கட்டுப்பாடு ஒன்று உண்டு. அமைச்சுப் பதவியில் இருப்பவருக்கு அது இரட்டிப்பு. அரசாங்கம் கொண்டுவரும் திருத்தத்தை எதிர்த்து நின்றால் பதவி போகும். அதற்கு மேலும் போகும்: தொகுதியில் கட்டவிருக்கும் தமிழ்ப்பள்ளிக் கட்டடம், தோட்டத்துக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாய், மானியம். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ம.இ.கா. தலைவர்கள் பெரிய விஷயங்களில் வாயை அடக்கிக்கொண்டார்கள். 'பிரதமரிடம் பேசியிருக்கிறோம்', 'மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுபோயிருக்கிறோம்', 'உரிய நேரத்தில் தீர்வு வரும்' என்ற வார்த்தைகளைத் தோட்டத்துத் திருவிழாக்களில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அவற்றில் பொய் இருக்காது. பிடித்துக்கொள்ள ஒரு பிடியும் இருக்காது.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தெலுக் கெமாங்கே சாட்சி. 2000-இல் நடந்த இடைத்தேர்தலில் அங்கே வென்ற எஸ். சோதிநாதன், நாடாளுமன்றச் செயலாளர் பதவியில் இருந்தார். 2005 ஜூலையில் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை ரத்து செய்த அரசாங்க முடிவை மக்களவையிலேயே கேள்வி கேட்டார். அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் இந்தியப் பிள்ளைகள். அரசுப் பொறுப்பில் இருந்துகொண்டு அரசை விமர்சித்ததற்காக மூன்று மாதம் பதவியிலிருந்து இடைநீக்கம். நீதிபதி விவகாரம்கூட இல்லை, மருத்துவப் படிப்பு. அதற்கே இந்தத் தண்டனை. பிறகு யார் தலைமை நீதிபதி நியமனத்தைப் பற்றி எழுந்து பேசுவார்? இதை எழுதும்போது எனக்குச் சோதிநாதன் மேல் மரியாதை வருகிறது. அவரைச் சுற்றி வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்கள் மேல் வருத்தம் வருகிறது.

நீதிபதிகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடும் உரிமை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி வி. ராமசாமி, பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில் அரசுப் பணத்தைச் செலவிட்ட விதம் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்து, அவரைப் பதவி நீக்கும் தீர்மானம் 1993 மே 11 அன்று இந்திய மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 196 ஓட்டு. எதிராக ஒன்றும் இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்களும் அவர்களின் கூட்டாளிகளுமாக 205 பேர் ஓட்டுப் போடாமல் இருந்துவிட்டார்கள். தீர்மானம் தோற்றது. அந்த நீதிபதி குற்றமற்றவர் என்று 205 பேரில் ஒருவரும் ஓட்டு மூலம் சொல்லவில்லை. குற்றவாளி என்றும் சொல்லவில்லை. மழுப்பல் மொழியின் உச்சம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

மலேசியாவில் நீதிபதி நியமனத்தை மூடியிருந்த திரை 2007 செப்டம்பரில் கிழிந்தது. வழக்கறிஞர் வி. கே. லிங்கம் 2001-இல் தொலைபேசியில் பேசியதாகச் சொல்லப்பட்ட காணொளியை வெளியிட்டவர் அன்வார் இப்ராகிம். மறுமுனையில் மூத்த நீதிபதி ஒருவர். பேச்சு முழுக்க யாரை எந்தப் பதவிக்குக் கொண்டுவருவது, யார் யாரைப் பார்க்க வேண்டும் என்பதே. 26-ஆம் தேதி புத்ராஜெயாவில் வழக்கறிஞர்கள் ஊர்வலம் போனார்கள். அடுத்த ஆண்டு அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. அந்த உருவம் தன்னைப்போல் இருக்கிறது, குரலும் தன்னுடையதைப்போல் இருக்கிறது, ஆனால் தான்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற பொருளில் லிங்கம் சாட்சி சொன்னதை நாடே பேசியது. ஆணையம் காணொளி உண்மையானது என்று முடிவு செய்து, சிலர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. யார் மீதும் வழக்கு வரவில்லை.

2008 மார்ச் தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. தெலுக் கெமாங்கும் கெஅடிலானிடம் போனது. ஏப்ரல் 17 அன்று வழக்கறிஞர் மன்ற விருந்தில் பிரதமர் அப்துல்லா அகமட் படாவி பேசினார். 1988-இல் பாதிக்கப்பட்ட நீதிபதிகளுக்கு நல்லெண்ண அடிப்படையில் ஒரு தொகை கொடுக்கப்படும் என்றார். அவர்களின் வலியையும் இழப்பையும் மதித்துப் பேசினார். மன்னிப்பு என்று சொல்லவில்லை. சட்ட விவகாரங்களுக்குப் பொறுப்பேற்றிருந்த சைட் இப்ராகிம் வேண்டியது மன்னிப்பை. இருபது ஆண்டு கழித்து, பதவியிழந்தவர்களில் வான் சுலைமான் காலமாகிவிட்ட பிறகு, அரசாங்கம் பணம் கொடுக்கத் தயாராக இருந்தது. தவறு நடந்தது என்ற ஒரு வார்த்தையைக் கொடுக்கத் தயாராக இல்லை. அப்துல்லா நல்ல மனிதர். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அது போதவில்லை.

ஆனால் அவர் காலத்தில் ஒன்று நடந்தது. நீதித்துறை நியமன ஆணையச் சட்டம் 2009 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒன்பது பேர் ஆணையம்: நால்வர் நீதித்துறையின் தலைமைப் பதவிகளில் இருப்பவர்கள், ஒரு கூட்டரசு நீதிமன்ற நீதிபதியையும் நான்கு முக்கியப் பிரமுகர்களையும் பிரதமர் நியமிப்பார். ஆணையம் பெயர் கொடுக்கும். பிரதமர் திருப்தி அடையாவிட்டால் உயர்பதவிகளுக்கு மேலும் இரண்டு பெயர் கேட்கலாம். ஆக, கதவுக்குப் பூட்டு வந்தது. சாவிகளில் ஒன்று பிரதமரிடமே தங்கியது.

இனி இந்தக் கதை மறுபடியும் போர்ட்டிக்சனுக்கே வருகிறது. 2018-இல் தெலுக் கெமாங் என்ற பெயர் போய்ப் போர்ட்டிக்சன் என்ற பெயரில் தொகுதி வந்தது. மே பொதுத்தேர்தலில் வென்ற டான்யால் பாலகோபால் அப்துல்லா, அரச மன்னிப்போடு சிறையிலிருந்து வெளியே வந்திருந்த அன்வாருக்காகப் பதவி விலகினார். அக்டோபர் 13 இடைத்தேர்தலில் 23,560 ஓட்டு வித்தியாசத்தில் அன்வார் வென்றார். 1999-இல் நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது, 2004-இல் கூட்டரசு நீதிமன்றம் விடுவித்தது, 2015-இல் மறுபடியும் சிறை. நீதிபதி நியமனம் ஒரு மனிதனின் வாழ்வை என்ன செய்யும் என்று இந்நாட்டில் அவரைவிட அறிந்த அரசியல்வாதி இல்லை. அந்த மனிதருக்குத்தான் போர்ட்டிக்சன் தோட்டத்து மக்களும் ஓட்டுப் போட்டார்கள்.

2022 நவம்பரில் அவர் பிரதமரானார். அப்போது தொகுதி மாறித் தம்பூனிலிருந்து வென்றிருந்தார். 2025 ஜூலை 2 அன்று தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் ஓய்வுக்கு வந்தார். நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதி; முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் தண்டனையை 2022-இல் உறுதி செய்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர். அவருக்குப் பணி நீட்டிப்பு வரவில்லை. அடுத்தவர் யார் என்பதும் உடனே தெரியவில்லை. மூத்த நீதிபதி ஒருவர் தற்காலிகமாகப் பொறுப்பைக் கவனித்தார். பிரதமரிடமிருந்து வந்த பதில் நமக்குப் பழகியது: அரசியலமைப்பு சொல்லும் நடைமுறை இருக்கிறது, ஆட்சியாளர் மன்றத்தின் பங்கு இருக்கிறது, இதை அரசியலாக்க வேண்டாம். எல்லாம் உண்மை. ஆனால் 2007-இல் அன்வார் கேட்ட கேள்விகளுக்கு அன்றைய அரசாங்கம் கொடுத்த பதிலும் இதே சாயலில்தான் இருந்தது. அவருடைய சொந்தக் கட்சி எம்பிக்கள் சிலரே வெளிப்படையாக விளக்கம் கேட்டார்கள். ஜூலை 14 அன்று வழக்கறிஞர்கள் மறுபடியும் புத்ராஜெயாவில் நடந்தார்கள். மாத இறுதியில் வான் அகமட் ஃபாரிட் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். ஒரு காலத்தில் அம்னோவில் இருந்து துணை உள்துறை அமைச்சரானவர், பின்னர் நீதிபதியானவர். அவர் எப்படித் தீர்ப்புச் சொல்வார் என்பதை அவருடைய தீர்ப்புகளைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். பழைய கட்சியை வைத்து முன்கூட்டியே குற்றம் சுமத்துவது நியாயமில்லை. என் குறை அவர்மேல் அல்ல. அவர் பெயரைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல நம் பிரதிநிதிகளுக்கு ஓர் இடமும் இல்லை. அந்த இடம் இல்லாததைப் பயன்படுத்தி ஒரு கருத்தும் சொல்லாமல் தப்பிக்க எல்லாருக்கும் வழி இருக்கிறது. குறை அங்கேதான்.

இன்று தோட்டத்தில் இருப்பவர்கள் குறைவு. சுவா பெத்தோங்கிலும் லாபுவிலும் பிறந்தவர்களின் பிள்ளைகள் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் தாமான்களில் இருக்கிறார்கள். ஓட்டு எங்கும் போய்விடவில்லை. நெகிரி செம்பிலானில் அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் வரும்போது, கையெடுத்துக் கும்பிட்டு வாசலில் நிற்கும் வேட்பாளரிடம் சாலை, பள்ளி, மானியம் பற்றிக் கேட்டு முடித்தபின் இன்னும் ஒன்று கேளுங்கள்: 2009 சட்டத்தைத் திருத்தி, நியமன ஆணையத்தில் பிரதமரின் கையைக் குறைக்க ஒரு மசோதா வந்தால் நீங்கள் ஆதரிப்பீர்களா? 'ஆராய்வோம்', 'மேலிடம் முடிவு செய்யும்' என்று பதில் வந்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு உங்கள் ஓட்டைப் போடுங்கள்.